ஒன்றரை ஷிப்ட்

பிள்ளையை ஹோமில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஓர் அம்மா வந்து நிற்பது குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் எங்களுக்குப் புதிதல்ல. அடி, குடி என்றால் முடிவு சுலபம். இந்த அம்மா விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. கணவர் விட்டுப் போய்விட்டார், பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

காப்பகம் கடைசி வழிதான், பிள்ளை குடும்பத்தோடு வளர்வதுதான் நல்லது என்றேன். எப்போதும் சொல்வது, நம்பித்தான் சொல்கிறேன். அவர் கோபப்படவில்லை. "சரிங்க மேடம், சாயங்காலம் நாலரையில இருந்து எட்டரை வரைக்கும் அந்தக் குடும்பம் யாருங்க?" என்றார்.

பதிலுக்கு நான் ஸ்பான்சர்ஷிப், அதாவது பிள்ளையை வீட்டிலேயே வளர்க்கத் தரும் உதவித்தொகை, பற்றிப் பேசினேன். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் வரும், ஆனால் நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 தாண்டக்கூடாது. மாதத்துக்கு 8,000. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் அதைத் தாண்டிவிடுகிறார். ஓவர்டைமை விட்டால் உதவி கிடைக்கலாம், ஆனால் உத்தரவு வரும்வரை வாடகைக்கு என்ன செய்வார்?

இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவில் மகளிடமும் கேட்டார்கள். "அம்மா எங்க சொன்னாலும் சரி" என்றாள். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம், கேட்டாயிற்று. ஆனால் அதை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

அம்மாவோடே இருக்கட்டும், பக்கத்து வீட்டுப் பாட்டி சாயங்காலம் பார்த்துக்கொள்வார், நாங்கள் தொடர்ந்து போய்ப் பார்ப்போம் என்று என் அறிக்கையில் எழுதினேன். குழுவும் ஏற்றுக்கொண்டது. இன்றும் அப்படித்தான் எழுதுவேன். பெற்றோர் பார்க்க வரும் நாளில் ஹோம் வாசலில் காத்திருந்து, யாரும் வராமல் உள்ளே திரும்பும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். வறுமைக்காக ஒரு பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்க என்னால் முடியாது. ஆனால் அந்த அம்மா பிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லையே, நாலு மணி நேரத்துக்கு ஒரு பாதுகாப்பான இடம்தானே கேட்டார்? எங்களிடம் இருந்தது ஒன்று முழுநாள் ஹோம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. அந்தப் பாட்டியும் நாங்கள் தந்தவர் இல்லை, முன்பே அங்கே குடியிருந்தவர்.

எங்கள் வேலைக்கு அடிப்படையான 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் பதினாறு கோட்பாடுகள். குடும்பப் பொறுப்பு ஐந்தாவது, பாதுகாப்பு ஆறாவது. பயிற்சியில் இரண்டையும் ஒரே மூச்சில் படிப்போம். களத்தில் இரண்டும் முட்டிக்கொண்டால் எது முன்னே என்று சட்டம் சொல்லவில்லை, பிள்ளையின் நலனே பிரதானம் என்கிறது. அந்த நலன் எது என்று நான்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் நாலரை மணிக்குப் பின் அந்த வீட்டில் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்காமல். வீட்டு விசாரணைக்கு நாங்கள் போவதெல்லாம் அலுவலக நேரத்தில்தான்.