கீபோர்டு யார் கையில்

அன்றிரவு கீபோர்டை, என்னிடம் வேலை பழகும் தம்பியிடமே விட்டுவைத்தது சரிதானா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் சர்வர், வாசலில் வரும் வண்டிகளைப் பதிவு செய்யும் கணினி. டிஸ்க் நிரம்பிவிட்டது. இடம் கிடைக்குமே என்று பெரிய லாக் ஃபைலை, அதாவது கேட் புரோகிராம் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் ஃபைலை, அவன் அழித்துவிட்டான், இடமும் கிடைக்கவில்லை. "ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அண்ணா" என்றான். ஆகியிருக்கும். ஆனால் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேராத டிரெய்லர் பதிவுகள் அந்த லாகில் மட்டுமே இருந்தன. அந்த சர்வர் ஓடும் லினக்ஸில் ஃபைலை அழித்தால் முதலில் போவது பெயர்தான். ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்கில் இருக்கும். புரோகிராமை நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

"திறந்திருக்கும் ஃபைல்கள் டெவ்/எஃப்டி (/dev/fd) ஃபோல்டரில் எண்களாகத் தெரியும், பார்" என்றேன். பட்டியலில் 0, 1, 2, 3 வந்தன. "மூன்றுதான் நம் லாக்!" என்று முகம் மலர்ந்தான். இல்லை. டெவ்/எஃப்டி என்பது ப்ராக்/செல்ஃப்/எஃப்டிக்குப் (/proc/self/fd) போகும் இணைப்பு. எந்தக் கட்டளை அதைப் பார்க்கிறதோ, அது திறந்து வைத்திருப்பவைதான் அங்கே தெரியும். அந்த 3, பட்டியலைப் படிக்க அந்தக் கட்டளையே திறந்தது. 'செல்ஃப்' இருக்கும் இடத்தில் கேட் புரோகிராமின் பிராசஸ் எண், அதாவது ஓடும் புரோகிராமுக்கு லினக்ஸ் தரும் எண், வர வேண்டும். அதை அவனே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வெளியே வண்டி வரிசை நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டது. "பாடம் நடத்துகிற நேரமா சார் இது?" என்றார் கேட் மேற்பார்வையாளர். "ஐந்தே நிமிடம்" என்றேன். ஐந்தில் முடியவில்லை.

கண்டுபிடித்துவிட்டான். 7 என்ற எண்ணுக்கு எதிரே லாகின் பழைய பெயர், கடைசியில் 'டெலிட்டட்' என்ற குறிப்பு. அந்த வழியாகவே வேறு டிஸ்குக்கு நகலெடுத்து, அந்த வழியாகவே லாகைக் காலி செய்தான். ரீஸ்டார்ட் இல்லாமலே பதிவு ஓடத் தொடங்கியது.

நான் செய்திருந்தால் சில கட்டளைகளில் முடிந்திருக்கும். ஆனால் இரவுப் பணியில் தனியாக இருக்கப்போகிறவன் அவன்தானே? இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் டிரைவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ட்ரிப் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். அவர்களைக் கேட்காமலே அவர்கள் நேரத்தை எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிறகொரு நாள் இன்னொரு சர்வரில் இதே சிக்கல் வந்தபோது, என்னை எழுப்பாமலே அவன் சரிசெய்துவிட்டான். பெருமையோடு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "நல்லது சார். அதை அன்றைக்கு வண்டிகளை அனுப்பிவிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே?" என்றார். பழகுவதற்கென்று உருவாக்கிய ஃபைல் தொலைந்தால் யாருக்கும் வியர்க்காது, அதில் கற்பது கையில் நிற்காது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.