வெட்டே இல்லாத ஒரு காமெடிப் படம்

நகைச்சுவைக் காட்சிகளை எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. தொலைக்காட்சித் தொடரோ இணையத் தொடரோ, சிரிப்புக் காட்சி என்றால் அந்த ஃபுட்டேஜ் என் மேஜைக்குத்தான் வரும். அதனால் 'லாஸ்ட் இன் லண்டன்' பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே கேமரா, சுமார் 100 நிமிடம், நடுவில் ஒரு வெட்டு கிடையாது. போதாக்குறைக்கு, எடுக்க எடுக்கவே தியேட்டரில் ஓடிய படம். இப்படி ஒன்றைப் பார்க்கும்போது எடிட்டருக்கு வயிற்றைக் கலக்காமல் இருக்குமா?

படத்தை எழுதி, இயக்கி, தன் சொந்தப் பெயரிலேயே நடித்தவர் ஹாலிவுட் நடிகர் உட்டி ஹாரல்சன். இயக்குநராக அவருக்கு இது முதல் படம். முதல் படத்திலேயே இப்படி ஒரு வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று தோன்றும். 2017 ஜனவரி 20, லண்டனில் அதிகாலை 2 மணிக்குக் கேமரா ஓட ஆரம்பித்தது. அப்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் 19ஆம் தேதி இரவு 9 மணி. அங்கே 500க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். லண்டனிலும் ஒரு தியேட்டரில் அந்த அகால வேளையில் கூட்டம். நடிகர்கள் சுமார் 30 பேர், துணை நடிகர்கள் முந்நூறு பேருக்குக் குறையாது, 14 இடங்கள். படப்பிடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு தேம்ஸ் நதியில் இரண்டாம் உலகப் போர்க்கால வெடிகுண்டு ஒன்று அகப்பட்டது. போலீஸ் வாட்டர்லூ பாலத்தை மூடிவிட்டது. அந்தப் பாலம் இவர்கள் படம் பிடிக்க வைத்திருந்த இடங்களில் ஒன்று. கதாசிரியர் யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்தால், ரொம்ப ஓவர் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

கதையும் நடந்த கதைதான். 2002இல் லண்டனில் ஹாரல்சன் ஒரு டாக்ஸியின் ஆஷ்ட்ரேயை உடைத்து, போலீஸ் துரத்தி, லாக்கப்பில் போய் முடிந்த ஒரு ராத்திரி. மனைவியிடம் மாட்டிக்கொண்ட ஒரு நடிகன், நைட் கிளப், நண்பனோடு சண்டை, டாக்ஸி, போலீஸ் என்று ஒரே இரவில் படிப்படியாக மானம் கெடுகிறான். படம் அவ்வளவுதான்.

இனி என் தொழில் சங்கதி. நகைச்சுவையில் 'டைமிங்' என்று எல்லோரும் புகழ்கிற விஷயத்தில் கணிசமான பங்கு எடிட் டேபிளில் தயாராவது. நடிகர் வசனத்தைச் சொல்லி முடித்ததும் எதிரில் நிற்பவர் முகத்துக்கு எப்போது போகிறோம் என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. விநாடிக்கு 24 பிரேம். அதில் 2 பிரேம் முன்னே போனால் ஜோக் முளைக்கும் முன்பே கிள்ளிவிட்டோம், 4 பிரேம் பின்னே போனால் ஆறிப்போய்விட்டது. நடிகர் ஒரு இடத்தில் தடுமாறியிருந்தால் அங்கே ஒரு ரியாக்‌ஷன் ஷாட்டைப் போட்டு மூடிவிடலாம். வேறு டேக்கிலிருந்து குரலை மட்டும் எடுத்து வைக்கலாம். 'என்ன டைமிங் சார் உங்களுக்கு!' என்று பாராட்டு வாங்கும் சிலருடைய கச்சாப் பதிவை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், சம்பளம் வர வேண்டும்.

மேடைக்கு இந்தக் கத்தரி கிடையாது. ஆனால் மேடை நடிகருக்கு வேறொரு வசதி உண்டு: எதிரே ஆள் இருக்கிறது. கிரேஸி மோகன் நாடகங்களைச் சபாவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், அடங்க ஆரம்பிக்கும் அந்தச் சரியான கணத்தில் அடுத்த வசனம் வந்து விழும். சிரிப்பு நீண்டால் நடிகரும் நீட்டுவார், துண்டை உதறுவார், கண்ணாடியைத் துடைப்பார். சினிமாவில் அது முடியாது. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் பாதி வசனத்தைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு ஜோக் ஓடிப் போயிருக்கும். ஹாலிவுட் காமெடிக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் 'எ நைட் அட் தி ஆப்பரா' எடுப்பதற்கு முன்பு அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்தது இதற்காகத்தான். எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு இடைவெளி வைத்துப் படம் பிடித்தார்கள்.

இப்போது ஹாரல்சனின் நிலைமையை யோசியுங்கள். மேடையையும் சினிமாவையும் ஒன்றாகக் கலக்கிறேன் என்று கிளம்பினார். நல்ல எண்ணம்தான். ஆனால் கலந்தபோது இரண்டு பக்கத்துக் கஷ்டமும் அவர் தலையில் விழுந்தது. மேடை மாதிரி, தவறினால் திருத்த முடியாது. சினிமா மாதிரி, ஜனங்கள் சிரிப்பது காதில் விழாது. அவர் லண்டன் தெருவில் பனியில் ஓடிக்கொண்டிருக்கிறார், சிரிக்க வேண்டியவர்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வசனத்துக்குப் பிறகு மூச்சு விடுவது என்று அவருக்கு யார் சொல்வது?

இதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது. ஜோக்கை நம்பி அவர் படத்தைக் கட்டவில்லை, அவமானத்தை நம்பிக் கட்டியிருக்கிறார். ஜோக்குக்கு இடைவெளி வேண்டும். அவமானத்துக்கு வேண்டாம், அது பாட்டுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். வெட்டு இல்லாதது அதற்கு இன்னும் தோதாகிறது. சாதாரணப் படத்தில் கதாநாயகன் அசடு வழிந்ததும் காட்சியை வெட்டி மறுநாள் காலைக்குப் போய்விடுவோம். அவனுக்கும் விடுதலை, நமக்கும் விடுதலை. இங்கே அந்த விடுதலை இல்லை. மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடுதான் அவன் அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டும். கேமராவும் கூடவே வருகிறது, ஆறுதல் சொல்லாத சிநேகிதன் மாதிரி.

ஓவன் வில்சன் வருகிற சண்டைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நட்சத்திரங்கள், இருவரும் தங்கள் சொந்தப் பெயரில், ஒருவர் தொழிலை மற்றவர் குத்திப் பேசுகிறார்கள். என்னிடம் இந்தக் காட்சி வந்திருந்தால் முகத்துக்கு முகம் மாற்றி மாற்றிப் போட்டிருப்பேன், குத்து, வலி, குத்து, வலி என்று. ஒற்றைக் கேமராவில் அது நடக்காது. ஒருவர் முகத்துக்குப் போனால் அடுத்தவர் முகம் போச்சு. இருவரையும் சேர்த்துக் காட்டினால் எந்த முகத்தைப் பார்ப்பது என்று பார்வையாளரே முடிவு செய்துகொள்கிறார். நான் செய்யும் வேலையை அவருடைய கண் செய்கிறது. ஒளிப்பதிவாளர் நைஜல் வில்லோபிக்குத்தான் இந்த இடத்தில் முதல் மரியாதை.

உடம்பால் செய்கிற நகைச்சுவைக்கு வெட்டாமல் இருப்பதே பலம் என்பது பழைய பாடம். மௌனப் படக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் 1928இல் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் தன்மேல் சாய, திறந்திருந்த ஜன்னல் இடைவெளி தன் தலை வழியாக இறங்க, அசையாமல் நின்றார். அதை இரண்டு ஷாட்டாக வெட்டியிருந்தால் யாரும் வாயைப் பிளந்திருக்க மாட்டார்கள். ஆனால் கீட்டனுக்கு அது சில விநாடி. 100 நிமிடத்துக்கு அதையே இழுப்பது வேறு கதை.

இழுக்கும்போது எங்கே தொய்கிறது என்றால், நடக்கும் நேரத்தில். ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக நிஜமாகவே எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆகிறது. அந்த நேரத்தை நிரப்பப் பேச வேண்டியிருக்கிறது. 'லாஸ்ட் இன் லண்டன்' படத்தில் சில தெருக்கள் நீளம், சில உரையாடல்கள் அந்தத் தெருவின் நீளத்துக்காகவே எழுதப்பட்டவை. என் கை தன்னாலே கீபோர்டைத் தேடியது. ஆனால் அந்தத் தெருவை வெட்டிவிட்டால் அடுத்த காட்சிக்கான ஆட்கள் தயாராக அவகாசம் ஏது? பார்ப்பவருக்கு அலுப்பான இடம் திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஆக்சிஜன்.

நேரலை என்பதற்குப் படத்தில் என்ன மதிப்பு? அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இருந்திருக்கும். டாக்ஸி கிளம்பும்போதெல்லாம் 'சிக்னல் போய்விடுமோ' என்ற பதைப்போடு பார்ப்பது தனி அனுபவம்தான். என்னைப் போல் பின்னால் பதிவைப் பார்ப்பவர்களுக்கு அது கிடைக்காது, விபத்து எதுவும் நடக்கவில்லை என்று முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரே டேக் என்பதைக்கூட நாம் நம்பித்தான் ஆக வேண்டும். 1948இல் ஹிட்ச்காக் 'ரோப்' எடுத்தபோது கேமராவுக்குள் பத்துப் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஃபிலிம் கொள்ளாது. அதனால் யாருடைய கோட் முதுகிலாவது கேமராவைக் கொண்டுபோய் இடித்து, வெட்டை ஒளித்தார். இப்போது கம்ப்யூட்டரில் அதைவிடச் சுத்தமாக ஒளிக்கலாம், என்னைப் போன்ற சாதாரண ஆளே ஒளிப்பான். பார்த்திபன் 2022இல் 'இரவின் நிழல்' படத்தை ஒரே ஷாட்டில் எடுத்துவிட்டு, தியேட்டரில் அதை எடுத்த விதத்தை முதலில் காட்டி, அப்புறம்தான் படத்தைக் காட்டினார். சிலர் அதைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பட்ட பாட்டை ரசிகன் நம்ப வேண்டுமானால் வேறு என்ன செய்வது? ஹாரல்சன் நேரலையாக ஓட்டி அதையே நிரூபித்தார்.

ஆனால் பட்ட பாட்டையே நகைச்சுவையாக்கிய படம் என்றால் அது ஜப்பானில் 2017இல் ஷினிசிரோ உவேடா எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. பட்ஜெட் சுமார் 30 லட்சம் யென், சினிமாக் கணக்கில் டீச்செலவு. முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரு ஸாம்பிப் படம். நடிகர்கள் நடுவில் சம்பந்தமே இல்லாமல் எதையோ பேசி நேரத்தை ஓட்டுவார்கள், கேமரா அசட்டுத்தனமாக எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். லண்டன் படத்தில் எனக்கு அலுத்த அதே 'அடுத்த ஆள் தயாராகும்வரை சமாளி' நேரம்தான். இங்கே அந்தச் சமாளிப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. என்ன காரணம் என்று நான் சொல்லப் போவதில்லை.

இரண்டையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் லண்டன் படத்தை முதலில் பாருங்கள். ஜப்பான் படத்தில் அந்த 37 நிமிடம் ரொம்ப மட்டமாகத் தெரியும், நடிப்பு கேவலம், ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது என்று கை ரிமோட்டுக்குப் போகும். அணைத்துவிடாதீர்கள். வீட்டில் வேறு யாராவது கூட உட்கார்ந்து பார்த்தால், 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று அவர்களையும் பிடித்து வையுங்கள்.