ரீமேப் செய்த வண்டியும் கீரிப்பாறை ரோடும்

எங்கள் கடைக்கு வீல் அலைன்மென்டுக்கு வருகிற வண்டிகளில் எது ரீமேப் செய்தது, அதாவது வலு கூட்ட இஞ்சின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றியது என்று கேட்கவே வேண்டாம். டயரைப் பார்த்தால் போதும். முன்சக்கர டிரைவ் என்றால் முன்டயர் இரண்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மொட்டையாகியிருக்கும், பின்சக்கர டிரைவ் என்றால் பின்டயர். நாகர்கோவில் பக்கம் இந்த ஆசை இப்போது நன்றாகவே பிடித்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிற பையன்கள் கொச்சியில் செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கிறார்கள். ரீமேப் செய்துவிட்டு, "அண்ணே, பவர் ஏத்தியாச்சு, ஆனா வளைவுல பழைய மாதிரி நம்பி விட முடியல. அலைன்மென்ட் பாருங்க" என்று வந்து நிற்கிறார்கள். அலைன்மென்டில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

ஒரு டயரின் மொத்தப் பிடிப்பை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் பக்கவாட்டுக்கு 80 போனால் முன்னே தள்ள 20தான் மிஞ்சும் என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள், பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்குதான். 80 போனாலும் 60 மிஞ்சும். ஆனால் 95 போனால் மிச்சம் 31. 99 போனால் வெறும் 14. கடைசியில்தான் சரசரவென்று இறங்குகிறது. பழைய இஞ்சினுக்கு அந்த மிச்சத்தைத் தாண்டித் தள்ளும் வலு பல நேரம் இருக்காது. கொஞ்சம் அதிகமாக மிதித்தாலும் வண்டி பொறுத்துக்கொண்டது. வலு கூடிய பிறகு அதே மிதி எல்லையைத் தாண்டிவிடுகிறது. பின்சக்கர டிரைவ் என்றால் வால் வெளியே வரும். முன்சக்கர டிரைவ் என்றால் மூக்கு திரும்பாமல் நேரே போகப் பார்க்கும், ஸ்டியரிங்கும் கையில் இழுக்கும்.

ஒரு தம்பி பிஎம்டபிள்யூ இசட்4 கொண்டுவந்தார். 35ஐ மாடல். மூன்று லிட்டர், இரண்டு டர்போ, கம்பெனி கணக்கில் 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இஞ்சினின் திருகுவிசை. ரீமேப்புக்குப் பிறகு டார்க் 500ஐத் தாண்டிவிட்டது என்றார். தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறை ரோட்டில் நானும் கூட உட்கார்ந்து போனேன். ரப்பர் தோட்டத்துக்குள் வெயில் அதிகம் விழாது. மழை விட்டு வெகுநேரம் ஆனாலும் ஈரம் காயாது, சருகு வேறு. செகண்ட் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போதெல்லாம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுங்கியது, இஞ்சின் மூச்சு வாங்கியது. "என்ன அண்ணே, வண்டி தானா பிடிச்சு இழுக்குது?" என்றார். சக்கரம் வழுக்கினால் இஞ்சின் வலுவைத் தானே குறைக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல்தான் வேலை செய்தது. காசு கொடுத்து ஏற்றிய வலுவை வண்டியே வளைவுக்கு வளைவு திருப்பி எடுத்துக்கொள்கிறது! இஞ்சின் வலுவை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம் டிஃபரன்ஷியல். அந்த வண்டியில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். வளைவில் பாரம் குறைந்து நிற்கும் உள்பக்கச் சக்கரம் முதலில் வழுக்கிச் சுற்றும், வெளிச்சக்கரத்துக்கும் அதற்குமேல் வலு போகாது. அதே வண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நேர் ரோட்டில் சொர்க்கம், அதை மறுக்கமாட்டேன்.

எத்தனை குதிரை என்பதைவிட அந்த வலு எப்போது வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவைப் பாருங்கள். மூன்று லிட்டர், 260 குதிரைதான். ஆனால் இஞ்சின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், டர்போவோ தாமதமாக விழிக்கும் வகை. வளைவில் மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, இன்னும் மிதிப்பார்கள், திடீரென்று மொத்தமாக வந்து தள்ளும். பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னே சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும், அவ்வளவுதான், வண்டி சுற்றிக்கொள்ளும். 1978இல் 3.3 லிட்டராக்கி 300 குதிரைக்குப் போனபோது பிரேக்கையும் போர்ஷேயின் 917 ரேஸ் காரின் வழியில் வந்ததாக மாற்றினார்கள். அமெரிக்க ரேஸ்காரர் கரோல் ஷெல்பி கதையும் இதே ரகம். ஏசி ஏஸ் என்ற சின்ன இங்கிலீஷ் காரில் 1962இல் ஃபோர்டு வி8 இஞ்சினை வைத்துக் கோப்ரா செய்தார். அதோடு விடாமல் 1965இல் ஏழு லிட்டர் இஞ்சினுக்குப் போனபோது பழைய சேஸிஸ் தாங்காது என்று அதன் சட்டக் குழாய்களைத் தடிமனாக்கி, இலைப்பட்டை ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்காரர்களே ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டார்கள். நம் பையன்கள் லேப்டாப்பை மட்டும் தொடுகிறார்கள்.

பிரேக்கை யாரும் கேட்பதே இல்லை. அடுத்த வளைவுக்கு 100இல் வந்தவர் இப்போது 120இல் வருகிறார் என்றால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுதல்.

ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால்தான் இப்படி. இதை நான் கடையில் சாக்பீஸால் தரையில் எழுதியே காட்டுவேன்.

இசட்4 தம்பியிடம் நான் சொன்ன வரிசை: முதலில் டயர், அப்புறம் பிரேக் பேடும் பிரேக் ஆயிலும், காசு மிஞ்சினால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு வலு போக விடுவது. ரீமேப்பைக் கழற்றச் சொல்லவில்லை. செகண்ட் கியரில் மட்டும் டார்க் மெல்ல ஏறும்படி திருத்தி வாங்கச் சொன்னேன். ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது, இன்சூரன்ஸ்காரர்களும் கேட்பார்கள் என்பதையும் சொன்னேன். அதற்குச் சிரித்தார்.

டயர் மட்டும் மாற்றினார். பழையது ரன்ஃபிளாட், காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை, பக்கச்சுவர் விறைப்பு, நம் குண்டுகுழி ரோட்டில் பின்பக்கம் துள்ளும். பின்னால் 255 மில்லிமீட்டர் அகலத்தில் சாதாரண டயர் போட்டதும் துள்ளல் குறைந்தது, மஞ்சள் விளக்கும் அவ்வளவு மினுங்கவில்லை. ஒன்றே ஒன்று, அந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. "பஞ்சர் கிட்டும் ஒரு சின்ன ஏர் பம்பும் டிக்கியில போட்டுக்க மக்கா, பேச்சிப்பாறைக்கு மேல போய் நின்னுட்டு எனக்குப் போன் போடாத" என்று சொல்லி அனுப்பினேன்.