கைக்குழந்தையோடு தனியாக நீண்ட விமானப் பயணம்: எங்கெங்கே இடறும்?

பாசினெட் (விமானத்தில் சுவரில் மாட்டித் தரும் குழந்தைத் தொட்டில்) சீட்டைப் போனில் கேட்டு வாங்கி, மின்னஞ்சலிலும் உறுதி வரவழைத்து வைத்திருந்தும், கவுன்டரில் போய் நின்றபோது கிடைத்தது நடுவரிசையில் ஒரு சாதாரண சீட். இடையில் விமானத்தின் ரகம் மாறியிருக்கிறது. ரகம் மாறினால் சீட் வரைபடமும் மாறும், பழைய ஒதுக்கீடு உதிர்ந்துவிடும். அதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. 12 மணி நேரம் மடியிலேயே குழந்தை. அந்தக் கை வலி இன்னும் மறக்கவில்லை என்பதால், டிக்கெட் போடுவது, பெட்டி கட்டுவது போன்ற தெரிந்த விஷயங்களை விட்டுவிட்டு, இடறுகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் சீட். முன்பதிவு செய்த அன்று உறுதி வாங்கினால் போதாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை, 3 நாள் முன்பு ஒரு முறை, முந்தின நாள் ஒரு முறை உங்கள் பதிவைத் திறந்து சீட் எண்ணைப் பாருங்கள். எண் மாறியிருந்தால் அப்போதே போன் செய்தால் மீட்க வாய்ப்பு உண்டு. கவுன்டரில் தெரிய வந்தால், அந்த வரிசையில் இருப்பவரை எழுப்பி மாற்ற யாருக்கும் மனம் வராது. குழந்தை இருந்தால் பல நிறுவனங்களில் ஆன்லைன் செக்-இன் திறக்காது. அதனால் கவுன்டர் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது.

பாசினெட் மாட்டும் இடம் கேபினின் தடுப்புச் சுவரை ஒட்டிய வரிசைகளில் மட்டும்தான் இருக்கும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் நீளத்தையும் பார்ப்பார்கள், சிலர் மாதக் கணக்கையும் பார்ப்பார்கள். கேட்கும்போது குழந்தையின் இன்றைய எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் கழித்துப் பறக்கப் போகிறீர்கள் என்றால், அன்றைக்கு இருக்கப் போகும் எடைதான் கணக்கு.

அந்த வரிசை கிடைத்துவிட்டாலும் சில தொல்லைகள் உண்டு. முன்சீட் இல்லாததால் காலடியில் பை வைக்க இடமில்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போயாக வேண்டும். சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள்ளே மடித்து வைக்கப்பட்டிருப்பதால் அந்தக் கைப்பிடி மேலே எழாது. பக்கத்து சீட் காலியாகவே இருந்தாலும் குழந்தையை நீட்டிப் படுக்க வைக்க முடியாது. விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், பெரும்பாலான நிறுவனங்களில் தூங்குகிற குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். எனவே பாசினெட் என்றால் கை முழுக்க ஓய்வு என்று நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் சீட்டை மாற்றச் சொல்வார்கள். ஒரு சீட் தொகுதிக்கு மேலே, சீட்களின் எண்ணிக்கையைவிட ஒரு ஆக்சிஜன் மாஸ்க்தான் வழக்கமாகக் கூடுதலாக இருக்கும். அதனால் ஒரே தொகுதியில் இரண்டு மடிக்குழந்தைகள் உட்கார முடியாது. அவசர வழி வரிசையில் எந்தக் கைக்குழந்தைக்கும் இடம் கிடையாது. மாற்றச் சொன்னால் வாக்குவாதத்தில் நேரம் போக்காமல், கூடுதல் மாஸ்க் இருக்கும் வரிசையில் நடைபாதை ஓர சீட் கேளுங்கள். தனியாகப் போகிறவருக்கு ஜன்னல் ஓரத்தைவிட அதுதான் உதவும். எழுந்து நடக்க இரண்டு பேரை எழுப்ப வேண்டியதில்லை.

டிக்கெட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மடி டிக்கெட் என்றாலும் அது தனி டிக்கெட்தான். சர்வதேசப் பயணத்தில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதமும் வரியும் வரும். ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கி, இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஒரு பகுதி பறப்பதாக இருந்தால், இரண்டாவது நிறுவனத்தின் பதிவில் குழந்தை விடுபட்டுப் போவது உண்டு. இரண்டு நிறுவனங்களின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் குழந்தையின் பெயரில் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வருவதற்குள் 2 வயது முடிகிறது என்றால், அந்தத் திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் வாங்க வேண்டும்.

அடுத்து காகிதங்கள். பாஸ்போர்ட்டுக்குக் குழந்தையின் புகைப்படம் எடுப்பதே ஒரு வேலை. வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் போட்டால் காதோரம் நிழல் விழும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிடித்திருக்கும் கை, சூப்பான், பொம்மை எதுவும் படத்தில் தெரியக் கூடாது.

பலரும் விட்டுவிடுவது சம்மதக் கடிதம். ஒரு பெற்றோர் மட்டும் குழந்தையோடு எல்லை தாண்டும்போது, இன்னொரு பெற்றோருக்குத் தெரிந்துதான் போகிறார்களா என்று குடிவரவு அதிகாரி கேட்கலாம். எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்கிற இடத்தில் கையில் இல்லாவிட்டால் விமானமே போய்விடும். கடிதத்தில் குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், இரு பெற்றோரின் பெயர், பாஸ்போர்ட் எண், போகும் நாடு, போகும் தேதி, வரும் தேதி, வராத பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுவது பாதுகாப்பு. கூடவே பிறப்புச் சான்றிதழின் அசல், வராத பெற்றோரின் பாஸ்போர்ட் நகல். உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயருக்கும் குழந்தையின் பெயருக்கும் தொடர்பு தெரியாவிட்டால், பிறப்புச் சான்றிதழ்தான் பேசும். நீங்கள் கேள்விக்கு நிற்கிற நேரத்தில் வராத பெற்றோரின் போன் அணைந்திருக்கக் கூடாது. அதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். குழந்தையின் குடியுரிமை வேறு என்றால், இடையில் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்பதைக் குழந்தைக்குத் தனியாகப் பாருங்கள்.

இனி மூட்டை. இதற்கு நான் சொல்வது ஒரே விதி: ஒற்றைக் கையால் செய்ய முடியாத எதுவும் கைப்பையில் வரக் கூடாது. தோளில் தொங்கும் பை குனியும்போதெல்லாம் முன்னால் வந்து குழந்தையின் தலையில் இடிக்கும். முதுகில் மாட்டும் பையும், நெஞ்சோடு கட்டும் கேரியரும் போதும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். குழந்தையைக் கேரியரில் கட்டி, பையை முதுகில் மாட்டி, பாஸ்போர்ட்டை எடுங்கள், தரையில் விழுந்த பொருளை எடுங்கள், பால் கலக்குங்கள், கழிப்பறைக்குப் போய் வாருங்கள். எது முடியவில்லையோ அதற்கு மாற்று வழி தேட அப்போது நேரம் இருக்கும்.

டயப்பர் பொட்டலத்தை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். சிறு பைகள் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 1 டயப்பர், 5 வைப்ஸ், மடித்த ஒரு விரிப்பு, கட்டிப் போட ஒரு கவர். மாற்றப் போகும்போது ஒரு பையை மட்டும் உருவிக்கொண்டு போகலாம். எண்ணிக்கைக்கு, வீட்டுக் கதவிலிருந்து போய்ச் சேரும் கதவு வரையான மணி நேரத்தை 2 ஆல் வகுத்து, தாமதத்துக்கு 5 கூட்டுங்கள். 20 மணி நேரப் பயணத்துக்கு 15 வரும். விமானத்தில் எல்லாக் கழிப்பறையிலும் மாற்றும் பலகை இருக்காது. எதில் இருக்கிறது என்று ஏறியவுடன் பணிப்பெண்ணிடம் கேட்டு வையுங்கள். நிற்கப் பழகிய குழந்தைக்கு ஜட்டி மாதிரி இழுத்து மாட்டும் டயப்பர்தான் அந்தக் குறுகிய இடத்துக்குச் சரி. குழந்தைக்கு 3 செட் உடை, உங்களுக்கு ஒரு மேல்சட்டை, எல்லாம் கைப்பையில். உங்களுக்கான மாற்று உடையை மறந்துவிட்டால், கக்கின பால் வாடையோடு மிச்ச மணி நேரமும் உட்கார வேண்டியதுதான்.

பால் விஷயத்தில்தான் வீணான பதற்றமும் உண்மையான தவறும் கலந்து கிடக்கின்றன. 2006இல் வந்து இன்னும் பல விமான நிலையங்களில் இருக்கும் 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டில் குழந்தைக்கான பாலுக்கும் தண்ணீருக்கும் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு. ஆனால் அவற்றைத் தனியாக எடுத்து முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். உள்ளே புதைத்து வைத்திருந்தால் முழுப் பையையும் கொட்டுவார்கள். திறந்து காட்டச் சொல்லலாம், சோதிக்கலாம். அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதும் நினைவிருக்கட்டும்: அமெரிக்காவில் உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் விடுவார்கள், பிரிட்டனில் உறைந்ததை விடமாட்டார்கள், திரவமாக இருந்தால் 2 லிட்டர் வரையான பாத்திரத்தில் விடுவார்கள். கிளம்பும் இடத்துக்கு மட்டுமின்றி, மாறும் இடத்துக்கும் விதியைப் பாருங்கள். டிரான்சிட்டில் பெரும்பாலும் மறுபடி செக்யூரிட்டி உண்டு.

பிழிந்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம் தாங்கும். பவுடர் பால் என்றால் ஒரு வேளைக்கு ஒரு டப்பி என்று அளந்து எடுத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் கலக்குங்கள். கலந்து வைத்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரம்தான். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் தண்ணீர் கேளுங்கள். சூடு பண்ண, ஒரு கப்பில் வெந்நீர் வாங்கி அதில் பாட்டிலை நிற்க வைத்தால் போதும். ஆனால் உணவு பரிமாறும் அரை மணி நேரம் யாரும் வரமாட்டார்கள், விமானம் குலுங்கும்போது வெந்நீர் தரவே மாட்டார்கள். குழந்தை அழுத பிறகு கேட்டால் தாமதம்தான். அடுத்த வேளைக்கு 20 நிமிடம் முன்பே கேளுங்கள். பேட்டரி உள்ள பாட்டில் சூடாக்கியையும் பால் பிழியும் கருவியையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் சட்டையை நனைப்பது இதுதான். கேபின் அழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். தரையில் இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மேலே போனதும் விரியும். திறந்ததும் பால் பீய்ச்சும். உறிஞ்சுகுழல் வைத்த கப் இன்னும் மோசம். கொடுப்பதற்கு முன், மேல்நோக்கிப் பிடித்து மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றை விடுங்கள்.

செக்யூரிட்டியில் ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டியை) மடித்து பெல்ட்டில் ஏற்ற வேண்டும், கேரியரைக் கழற்றச் சொல்லலாம். அந்த நிமிடத்தில் இரண்டு கையும் போதாது. வரிசையில் நிற்கும்போதே ஸ்ட்ரோலரின் கூடையைக் காலி செய்துவிட்டு, பின்னால் நிற்பவர்களை முன்னால் விட்டுவிடுங்கள். ஊழியரிடம் தயங்காமல் உதவி கேளுங்கள்.

ஸ்ட்ரோலர்தான் என்னை அதிகம் ஏமாற்றியது. கேட்டில் கொடுத்தால், இறங்கும்போது விமான வாசலிலேயே கிடைக்கும் என்றார்கள். டிரான்சிட்டில் வரவில்லை, சேரும் ஊரின் பெல்ட்டுக்கு நேராகப் போய்விட்டது. ஸ்ட்ரோலரில் கட்டும் அடையாளச் சீட்டில் எந்த விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதோ, அங்கேதான் அது வரும். கட்டும்போதே அந்தக் குறியைப் படியுங்கள், வாசலிலா பெல்ட்டிலா என்றும் கேளுங்கள். எப்படியானாலும் கேரியர் கையில் இருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கு டிரான்சிட் 3 மணி நேரத்துக்குக் குறைந்தால் ஓட்டம்தான்.

உடம்பு பற்றி மூன்று சொல். தடுப்பூசி போட வேண்டியிருந்தால் ஒரு வாரமாவது முன்பே போடுங்கள். ஊசிக் காய்ச்சல் பயண நாளில் வரக் கூடாது. சளியோ காது வலியோ இருந்தால் மருத்துவர் பார்க்காமல் ஏறாதீர்கள். தூங்க வைக்க மருந்து கொடுக்கச் சொல்கிறவர்கள் இருப்பார்கள்; கொடுக்கவே கூடாது. அலர்ஜி மருந்து சில குழந்தைகளைத் தூங்க விடாமல் இன்னும் துள்ள வைக்கும், மூச்சுக்கும் ஆபத்து.

கேரியரில் கட்டியிருந்தாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலும் வெளியே எடுக்கச் சொல்வார்கள். ஐரோப்பிய விமானங்களில் உங்கள் பெல்ட்டில் கோத்துக் குழந்தைக்குப் போடும் வளைய பெல்ட் தருவார்கள். அமெரிக்க நிறுவனங்களில் அது கிடையாது, கையால் பிடிக்க வேண்டும். நடுவில் உங்களுக்குக் கண் சொருகினால் குழந்தையை மார்பில் போட்டுத் தூங்காதீர்கள், முகம் துணியில் புதைந்துவிடும். பாசினெட் இல்லாவிட்டால், பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் நடந்து தூக்கத்தைக் கலையுங்கள்.

காது அடைப்பு ஏறும்போது அவ்வளவு இராது, இறங்கும்போதுதான் அதிகம். விழுங்கும்போதுதான் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலான குழாய் திறக்கும். எல்லோரும் தரை தெரிந்த பிறகு பால் கொடுக்கிறார்கள். அதற்குள் குழந்தை வயிறு நிரம்பி மறுத்துவிடும். இறக்கம் தரைக்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். அதற்கு முந்தைய வேளையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, இறக்கம் தொடங்கியதும் மெதுவாகக் குடிக்க வையுங்கள். பால் தீர்ந்தால் சூப்பான்.

தரை தொட்டதும் எழாதீர்கள். எல்லோரும் இறங்கட்டும். சீட்டுக்கு அடியிலும் பாசினெட் பைக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள், சூப்பானும் ஒற்றைக் கால் சாக்ஸும் அங்கேதான் கிடக்கும். கீழே இறங்கி, ஸ்ட்ரோலர் வாசலுக்கு வருகிறதா என்று ஊழியரிடம் கேட்ட பிறகு நகருங்கள். ஒரு முறை குடிவரவைத் தாண்டிவிட்டால் வாசலுக்குத் திரும்பி வர விடமாட்டார்கள்.