விழித்திருக்கும்போதே நடந்த மூளை ஆபரேஷனும் கூடுதலாகக் கொடுத்த அரை மணி நேரமும்

எனக்கு இருப்பது பார்கின்சன் இல்லை. எசென்ஷியல் ட்ரெமர் என்கிற கை நடுக்கம். அப்பாவுக்கும் இருந்தது. பந்தியில் கையில் ரசம் வாங்கக் கூச்சப்பட்டு, மோருக்குக் காத்திராமல் எழுந்துவிடுவார். குடிப்பழக்கம் என்று ஊரில் சிலர் பேசியதும் உண்டு. எனக்கு ஐம்பது தாண்டியதும் தொடங்கியது. ப்ரொப்ரனலால், ப்ரிமிடோன் என்கிற மாத்திரைகள் இரண்டையும் வருடக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் இங்கே மினசோட்டாவில் டீப் பிரெயின் ஸ்டிமுலேஷனுக்குச் சம்மதித்தேன். மூளையின் தலாமஸ் பகுதியில் மெல்லிய மின்கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் பேட்டரியிலிருந்து விடாமல் மின்துடிப்பு கொடுப்பார்கள். அமெரிக்காவில் நடுக்கத்துக்கு 1997-லேயே அனுமதி கிடைத்த சிகிச்சை இது.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னால் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் தனியாக ஒரு சம்மதப் படிவம் கொண்டுவந்தார். ஆபரேஷன் நடக்கும்போதே மூளையில் சுரக்கும் ரசாயனத்தை அளக்க வேண்டுமாம். "இதனால எனக்கு என்ன பலன்?" என்றேன். "உங்களுக்கு நேரடியா ஒண்ணும் இல்லை" என்றார். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு துளை போட வேண்டாம், அதே துளைதான். அரை மணி நேரம் கூடுதலாகும். எந்த ஊசி உள்ளே போனாலும் ரத்தக்கசிவுக்குச் சிறு வாய்ப்பு உண்டு. வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவார்கள். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்து போட்டேன்.

மின்சாரம் ஏன் நடுக்கத்தை நிறுத்துகிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. மூளையில் சுரக்கும் அடினோசின் என்கிற ரசாயனத்துக்கு அதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் அளக்க நினைத்தது அதைத்தான். மேயோ கிளினிக் குழு 2012-ல் நோயாளிகளிடமே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. காப்பி தடுப்பது இதே அடினோசினின் வேலையைத்தான் என்று டாக்டர் சொன்னதும், டிகாக்ஷன் குடித்த காலைகளில் என் கை கூடுதலாக ஆடியது நினைவுக்கு வந்தது.

அன்று விடியற்காலை மரப்பு ஊசி போட்டு, தலையைச் சுற்றி உலோகச் சட்டத்தை நான்கு திருகுகளால் பொருத்தினார்கள். மொத்த நாளிலும் கஷ்டம் அதுதான். துளை போடும்போது வலியில்லை, சத்தம் மட்டும் மண்டை முழுக்க அதிர்ந்தது.

அளக்கும் கருவியின் முனையில் இருந்தது கார்பன் இழை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதில் வோல்டேஜை நொடிக்குப் பத்து முறை ஏற்றி இறக்குவார்களாம். ஒவ்வொரு ரசாயனமும் தனக்கென்று உள்ள வோல்டேஜில் எலக்ட்ரானை விடும். அந்த மின்னோட்டத்தை வைத்து எது, எவ்வளவு ஏறியது என்று கணிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிக்னல் நிலைக்கும் வரை பேசாமல், அசையாமல் இருக்கச் சொன்னார்கள். கழுத்து இறுகிப்போனது. சலைன் ஏற ஏற மூத்திரம் வேறு முட்டியது.

அப்புறம் சிகிச்சைக்கான மின்கம்பி இறங்கியது. கரண்ட் இன்னும் கொடுக்கவில்லை. நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த என் வலது கை தானாக அடங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கை எடுக்கவில்லை. கம்பி நுழைவதாலேயே இப்படி நடப்பதுண்டு, சில நாளில் நடுக்கம் திரும்பும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அட்டையைக் காட்டிச் சுருள் வரையச் சொன்னார்கள். பேனா ஒரு இடத்திலும் தாவவில்லை.

மறுநாள் டாக்டர் லேப்டாப்பில் வண்ணப்படம் ஒன்றைக் காட்டினார். நீளவாக்கில் ஒரே நிறமாக ஓடிய பட்டையில் ஓரிடத்தில் பச்சைத் திட்டு, அடினோசின் ஏறியதன் அடையாளம். "கம்பி இறங்கின நேரம் இது" என்றார்.

நடுக்கம் இரண்டு வாரத்தில் திரும்பியது. நான்காவது வாரம் பேட்டரியை இயக்கி அளவு சரிபார்த்தபின் மறுபடி அடங்கியது. கும்பகோணத்தில் அண்ணாவுக்கும் இதே கைதான். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முழிச்சுக்கிட்டேவா இருந்தே?" என்று மூன்று தரம் கேட்டார். அந்தச் சுருள் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன்.