மீனுவின் ஈரப் படுக்கை: ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 7, 2024, திங்கள்

இன்று காலையும் எங்கள் நாய் மீனுவின் படுக்கை ஈரம். போன மாதம் எப்போதாவது ஒரு நாள் இருந்தது, இப்போது வாரத்தில் பாதி நாள் ஆகிவிட்டது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டியபோது மேசையில் ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு வயதெல்லாம் ஒரு வயதா? அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். இதே பாடு படுகிற யாருக்காவது உதவட்டும்.

மீனு செவலை நிறம். அம்மா தெருநாய், அப்பா ஏதோ ஒரு வீட்டு லாப்ரடார் என்பது அவள் காதைப் பார்த்தாலே தெரியும். எடை 26 கிலோ. இரண்டு வயதில் கருத்தடை ஆபரேஷன் ஆனது. வளர்ந்ததிலிருந்து வீட்டுக்குள் அசிங்கம் பண்ணியதே இல்லை. வந்தால் கதவருகே நின்று என் முகத்தைப் பார்ப்பாள். பகலில் இப்போதும் அப்படித்தான். ராத்திரி மட்டும்தான் இது.

மாடி வீட்டு அக்கா, "நாலு போடு போட்டு வாசல்ல கட்டு, தானா வழிக்கு வரும்" என்றார். அடிக்கிற பேச்சே இந்த வீட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

நேற்று ராத்திரி கூடத்தில் பாய் போட்டு மீனு பக்கத்திலேயே படுத்தேன். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு மணி வாக்கில் அவள் ஒருக்களித்துப் படுத்து நல்ல தூக்கம். முன்னங்கால் லேசாகத் துடித்தது, ஏதோ கனவு. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பின்தொடைக்குக் கீழே, அத்தையின் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு கை அகலத்துக்கு நிறம் கறுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாக நனைத்துக்கொண்டு பார்டர் பக்கம் நகர்ந்தது. அவள் குந்தவில்லை, முக்கவில்லை, உடம்பில் ஓர் அசைவு இல்லை. வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி கசிந்துகொண்டே இருந்தது. மூச்சுகூட மாறவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஈரம் வயிற்றில் பட்டு எழுந்தாள். படுக்கையை முகர்ந்தாள். திரும்பித் தன் பின்பக்கத்தை முகர்ந்தாள். மறுபடியும் படுக்கை. அப்புறம் நக்க ஆரம்பித்தவள், நான் துடைத்துவிடும் வரை நிறுத்தவில்லை.

காலையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: இது மீனு செய்கிற காரியம் இல்லை, அவளுக்கே தெரியாமல் நடக்கிறது. இனி யாரும் அவளைப் பார்த்து "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அத்தை விடிந்ததும் விடியாததுமாக டார்ச் அடித்து மீனுவின் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எறும்பு மொய்ச்சா சர்க்கரைம்மா. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது." எறும்பு இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. சர்க்கரை வந்த நாய்க்குத் தாகம் அதிகம் இருக்கும் என்பதால் அவள் குடிக்கிற தண்ணீரை அளந்தேன். காலையில் அளவுக் குடுவையால் ஊற்றி வைப்பது, மறுநாள் அதே நேரம் மீதியைக் கழிப்பது, அவ்வளவுதான். வீட்டில் வேறு வாளி, தொட்டி எதுவும் திறந்திருக்கக் கூடாது.

சாதாரணமாக ஒரு நாய் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி வாக்கில் குடிக்கும். 100 மில்லியைத் தாண்டினால் சிறுநீரகம், சர்க்கரை, அட்ரினல் சுரப்பி என்று தேடிப் பார்க்க வேண்டும். மீனுவின் எடைக்கு அந்த எல்லை 2,600 மில்லி. அவள் குடித்தது ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மனசு கொஞ்சம் லேசானது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் வைக்க வேண்டாம் என்றார் இவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்குத் தண்ணீரை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எதுவும் இல்லாத நாய்க்கும் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை கூடுதலாக வெளியே கூட்டிப் போகச் சொன்னேன். சரி என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்தோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி. வடசென்னையில் ஆடு, மாடு, பூனை எதுவானாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

போவதற்கு முன் காலையின் முதல் சிறுநீரைப் பிடித்துக்கொண்டேன். நீளக் காம்பு உள்ள குழம்புக் கரண்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அவள் குந்தி முதல் கொஞ்சம் போன பிறகு பின்னாலிருந்து நீட்டினால் போதும். மெடிக்கலில் விற்கும் சாம்பிள் பாட்டிலில் ஊற்றி, ஐஸ் கட்டி வைத்த பையில் எடுத்துப் போனேன். முதல் சிறுநீர் ஏன் முக்கியம் என்றால், ராத்திரி முழுக்கத் தேங்கியதில்தான் சிறுநீரகம் எவ்வளவு கெட்டியாக்குகிறது என்று தெரியும்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "தூங்கும்போதா, முழிச்சிருக்கும்போதா?" அந்த ராத்திரி கண் விழித்துப் பார்த்ததால் பதில் சொல்ல முடிந்தது. அடிக்கடி போகிறாளா, முக்குகிறாளா, ரத்தம் தெரிகிறதா, எப்போது கருத்தடை ஆனது என்று வரிசையாகக் கேட்டார். சிறுநீரில் சர்க்கரை இல்லை. அடர்த்தி 1.034. நாய்க்கு 1.030-க்கு மேல் வந்தால் சிறுநீரகம் வேலையைச் செய்கிறது என்று அர்த்தமாம். ஸ்கேனில் கல் இல்லை. ஆனால் சீழ் செல்களும் கிருமியும் தெரிந்தன. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க, ஊசி வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்தே தனியாக எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மீனு என் முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தாள்.

அடிப்படைக் காரணம் வேறு என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசைக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் வேண்டும். கருத்தடையில் அதைச் சுரக்கும் சினைப்பையை எடுத்த பெண் நாய்களில் சிலவற்றுக்கு வருடங்கள் கழித்து அந்தப் பிடி தளர்கிறது. 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கு அதிகம் வரும். விழித்திருக்கும்போது சமாளித்துவிடும், படுத்து உடம்பு தளர்ந்ததும் கசியும். ஈரத்திலேயே கிடப்பதால் தொற்றும் சுலபமாகச் சேர்ந்துகொள்கிறது. முதலில் தொற்றை முடிப்போம், அப்புறம் மற்றதைப் பார்ப்போம் என்றார்.

அக்டோபர் 16, புதன்

நேற்றிலிருந்து விடாத மழை. சேலை காயவில்லை. அடைமழையில் நாயின் படுக்கையைத் துவைத்துக் காய வைப்பதைப் போலத் தொல்லை வேறில்லை.

இப்போது போட்டிருக்கிற படுக்கை இதுதான்: அடியில் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய ரப்பர் ஷீட். அதன் மேல் மெடிக்கலில் படுத்த படுக்கையான பெரியவர்களுக்கு விற்கிற அண்டர்பேட், நாய்க்கென்று விற்பதைவிட மலிவு. அதற்கும் மேலே ஒரே மடிப்பாகப் பருத்திச் சேலை. மெத்தென்று இருக்கட்டுமே என்று நாலு மடிப்பு போட்டால் ஈரம் மேலேயே நிற்கிறது. ஒரே மடிப்பானால் கீழே இறங்கிவிடுகிறது, அவள் தோலில் ஒட்டுவதில்லை.

தோல் முக்கியம். உள்தொடையில் முடியை ஒதுக்கிப் பார்த்தால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லியதாக வாஸ்லின். டயப்பர் போட்டால் என்ன என்று கேட்டேன். ராத்திரி முழுக்க ஈரத்தைக் கட்டி வைத்தது போலாகிவிடும், புண் அதிகமாகும் என்று டாக்டர் வேண்டாம் என்றார்.

ஃபினாயிலைத் தரையில் ஊற்றுவதையும் நிறுத்தியாயிற்று. அந்த நெடி மீனுவுக்கு ஆகாது, ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவாள். சேலைக்குச் சோப்புத்தூள், கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர். கையுறை போட்டுத்தான் தொடுகிறேன். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரலாம். மீனுவுக்கு அந்தத் தடுப்பூசி வருடா வருடம் போட்டுத்தான் வருகிறோம், இருந்தாலும் வீட்டில் பெரியவர் இருக்கிறார்.

அக்டோபர் 20, ஞாயிறு

மத்தியானம் அத்தையுடன் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது டாக்டர் சொன்ன ஈஸ்ட்ரோஜன் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "இருமினா எனக்கும்தான் ஆகுது. எத்தனை வருஷமா. அம்பது தாண்டின பொம்பளைங்க யாரு இதை வெளிய சொல்றோம்?" என்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் சரி என்றார்.

சாயங்காலம் பீரோவிலிருந்து இன்னும் இரண்டு பருத்திச் சேலை எடுத்துக் கொடுத்தார். நல்ல சேலைகள்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. சரவெடிச் சத்தத்தில் மீனு கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டே நின்றபடி சிறுநீர் போய்விட்டாள். அது பயத்தில் வருவது. கண் திறந்திருக்கும், வால் காலுக்கிடையில் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு டாக்டரிடம் சொல்லிவிடக் கூடாது என்று தனியாகக் குறித்திருக்கிறேன்.

தொற்றுக்கான மாத்திரை முடிந்துவிட்டது. நாற்றம் போய்விட்டது, பின்பக்கத்தை நக்குவதும் குறைந்துவிட்டது. ஆனால் தூக்கத்தில் கசிவது நிற்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மறுபடியும் வேப்பேரி. சிறுநீரில் கிருமி இல்லை. அதனால் இனி தசைதான் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். எஸ்ட்ரியால் என்கிற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பெண்களுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். இதில் ஒன்று: அளவு எடையைப் பொறுத்தது இல்லை. எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி ஆரம்பித்து, கசிவு நின்ற பிறகு படிப்படியாகக் குறைத்து, எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் நனையாமல் இருக்கிறதோ அந்த அளவிலேயே தொடர்வார்கள். கருத்தடை ஆகாத நாய்க்கு இதைக் கொடுக்கவே கூடாது. தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டுக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

"அப்போ ஆபரேஷன் பண்ணதுதான் தப்பா?" என்று பையன் கேட்டான். இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து உயிர் போகிற அபாயம் இருக்கிறது. ஒவ்வொரு ஈத்துக்கும் தெருவில் விடப்படும் குட்டிகளை எங்கள் பெரம்பூரிலேயே பார்க்கிறோம். படுக்கை நனைவதற்கு மாத்திரை இருக்கிறது. இன்னொரு நாய் வளர்த்தாலும் நான் கருத்தடைதான் செய்வேன்.

நவம்பர் 17, ஞாயிறு

படுக்கை காய்ந்திருக்கிறது. இன்று மட்டுமில்லை, இந்த வாரம் முழுக்க. காலையில் சேலையில் கையை வைத்து, திரும்பக் கீழேயும் கையை விட்டுப் பார்த்தேன். அண்டர்பேடுகூட நனையவில்லை.

பக்கவிளைவு கொஞ்சம் இருக்கிறது. பிறப்புறுப்பு லேசாக வீங்கியிருக்கிறது. தெருவில் ஆண் நாய்கள் பின்னாலேயே வருகின்றன, பருவத்துக்கு வந்த நாய் என்று நினைத்துக்கொண்டு. அளவு குறையும்போது சரியாகிவிடும் என்றார் டாக்டர். அதுவரை வாக்கிங் போகும்போது சங்கிலியைக் குட்டையாகப் பிடிக்கிறோம்.

உள்தொடைச் சிவப்பு மறைந்து முடி முளைத்திருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மீனுவை எங்கே கூட்டிப் போவது? மொட்டை மாடியில் இவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அந்த இடம் பழக்கமில்லை, சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போகாமலே இறங்கிவிட்டாள். அவ்வளவு நேரம் அடக்கியதில் ராத்திரி நனைந்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எப்பேர்ப்பட்ட நாயாக இருந்தாலும் தாங்காது.

இன்று தொட்டியிலிருந்து ஒரு தட்டு மண்ணும் புல்லும் பெயர்த்து மாடி மூலையில் வைத்தோம். அங்கே போனாள். மழை உள்ள வரை அது இருக்கட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறங்கியிருக்கிறது. பையன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, தயிர்சாத உருண்டைக்குள் ஒளித்து அவனே கொடுக்கிறான். வீக்கம் வடிந்துவிட்டது. அத்தைக்கும் டாக்டர் இடுப்புத் தசைப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார், காலையில் விடாமல் செய்கிறார்.

மத்தியானம் இவருடைய அலுவலக நண்பர் அம்பத்தூரிலிருந்து போன் செய்தார். அவருடைய நாய்க்கும் படுக்கை நனைகிறதாம். மீனுவின் மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள் என்றார். ஆணா பெண்ணா என்று கேட்டேன். ஆண், பத்து வயது, கருத்தடை ஆகவில்லை, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது. அதற்கு மீனுவின் மாத்திரை ஆகவே ஆகாது. புராஸ்டேட், சர்க்கரை, சிறுநீரகம் மூன்றையும் பார்க்க வேண்டும், தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்று சொன்னேன். சிறுநீர் பிடிக்கிற விதத்தையும் சொல்லிக் கொடுத்தேன். நாளைக் காலையே வேப்பேரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். போனாரா என்று மத்தியானம் கேட்க வேண்டும்.

மீனுவுக்கு அடுத்த சிறுநீர் பரிசோதனை ஜனவரி மூன்றாம் வாரம்.