ஈயம், மீசை, எட்டுப் பாகை

பெப்ரவரி 11, செவ்வாய்

மூச்சடக்கிச் சுழியோடப் பழகும் பயிற்சிக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஏப்ரலில் இரண்டு இரவு தடாகம், மே 10, 11 கடல். இனி விலகினாலும் திருப்பித் தரமாட்டார்களாம். நல்லது.

பெப்ரவரி 12, புதன்

ஒஸ்லோவில் இருக்கும் மனிசிக்கு இன்னும் சொல்லவில்லை. சோபாவை அளந்து அனுப்பச் சொன்னா. 214 செ.மீ. அனுப்பினேன்.

பெப்ரவரி 15, சனி

மழை. மழை ஊரான பேர்கனில் இருந்துகொண்டு இதையெல்லாம் குறித்து வைக்கத் தேவையில்லை.

காலையிலிருந்து வெட்சூட் (குளிர் தண்ணிக்குள் போடும் இறப்பர் உடுப்பு) பற்றியே வாசிக்கிறேன், கண் எரிகிறது. இவ்வளவு நாளும் வெட்சூட் என்றால் ஒரே சாதிதான் என்று நினைத்திருந்தேன். அலையில் சறுக்குகிறவனுக்கு ஒன்று, சிலிண்டரோடு இறங்குகிறவனுக்கு ஒன்று, மூச்சடக்கிச் சுழியோடுகிறவனுக்கு இன்னொன்று. முதல் இரண்டும் ஒரே துண்டாய், சிப் வைத்து, உள்ளே துணி ஒட்டி வரும். எங்களுடையதில் (அதற்குள் ‘எங்களுடையது’!) சிப் கிடையாது. காற்சட்டை நெஞ்சு வரை ஏறும், அதற்கு மேல் சட்டை, தலைமூடி சட்டையோடேயே சேர்ந்திருக்கும். உட்பக்கம் துணியில்லாத வெறும் நியோப்ரீன் (நுரை இறப்பர்), ஓப்பன் செல் என்கிறார்கள், தோலில் அட்டை மாதிரி ஒட்டுமாம். ஒட்டினால் இடையில் தண்ணீர் ஓடாது. தண்ணீர் ஓடாவிட்டால் சூடு நிற்கும். சூட்டின் இரகசியம் தடிப்பைவிட அளவில்தான் இருக்கிறது.

ஆனால் தடிப்புத்தான் மண்டையைக் குடைகிறது. 5 மி.மீ. அல்லது 7. நியோப்ரீனுக்குள் இருப்பது சின்னச் சின்ன வாயுக்குமிழிகள். பத்து மீற்றரில் அழுத்தம் இரண்டு மடங்கு, குமிழி பாதி. 7 என்று காசு கொடுத்து வேண்டுவது கீழே போனால் 7 இல்லை. சூடும் குறையும், மிதப்பும் குறையும். 7 போட்டால் மேலே தக்கை மாதிரி மிதப்பேன், அதை அமத்த ஈயம் கூடக் கட்டவேணும், கீழே அந்த ஈயமே இழுக்கும். 5 போட்டால் அந்தக் கரைச்சல் குறைவு, ஆனால் இந்தக் கடல் மார்ச்சில் 5 பாகை. மேயில் 8, மிஞ்சினால் 9.

என் உடம்பு தனிப் பிரச்சினை. கடைக்காரரின் அளவு அட்டவணைப்படி நான் மூன்று ஆட்கள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

7.

பெப்ரவரி 18, செவ்வாய்

5. பயிற்றுநருக்கு எழுதிக் கேட்டேன். ஒரே வரி பதில்: “குளிரில் நடுங்குகிறவன் மூச்சடக்க மாட்டான்.” சரி, 7.

பெப்ரவரி 22, சனி

அம்மாவோடு கதைத்தேன். தண்ணிக்குள்ளே மூச்சடக்கப் பழகப்போகிறேன் என்று சொன்னதும் சிரித்தா. அவவின் பெரியப்பா ஒருவர் சங்கு குளிக்கப் போனவராம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. என்ன போட்டுக்கொண்டு போவார் என்று கேட்டேன். “கோவணம்” என்றா. காலில் கல்லு, இடுப்பில் கயிறு, சங்கு போட ஒரு வலைப்பை. மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன் மச்சானாய் இருக்கவேணுமாம். “தங்கச்சியின்ர தாலிக்காகவாவது இழுப்பான்.”

எனக்கு இங்கே மச்சான் கிடையாது. பயிற்சியில் சோடியாய் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், ட்ரொம்சோக்காரன். ஒருவன் கீழே என்றால் மற்றவன் மேலே பார்த்துக்கொண்டு நிற்பான். மயக்கம் வந்தால் அநேகமாய் மேலே வரும் கடைசி மீற்றர்களில், அல்லது தலை வெளியே வந்த பிறகு. அவனுக்குத் தங்கச்சி இருக்கிறதா என்று தெரியாது, இருந்தும் பிரயோசனமில்லை.

மார்ச் 1, சனி

பாவித்த 7 மி.மீ. உடுப்பு ஒன்று வேண்டிவிட்டேன். 1,800 குறோணர். விற்றவர் என் உயரம், என் வண்டி வயிறு. போட்டுப் பார்க்காமல் வேண்டினேன். ஆளைப் பார்த்தே அளவு எடுத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஓப்பன் செல்லை உலர்ந்த தோலில் ஏற்ற முடியாது. தலைக்குப் போடும் கண்டிஷனரை வெந்நீரில் கரைத்து உள்ளே ஊற்றிக் குலுக்கவேணும். மனிசியின் போத்தல் ஒன்று குளியலறை அலுமாரியில் மிச்சம் இருந்தது, தேங்காய் வாசம். தொட்டிக்குள் நின்று காற்சட்டையை ஏற்றினேன். அது சரி. சட்டைக்குள் இரண்டு கையையும் விட்டுத் தலையை நுழைத்தபோது மூக்கு கழுத்துத் துவாரத்தில் மாட்டிக்கொண்டது. கையை வெளியே எடுக்கவும் முடியாது, தலையை மேலே விடவும் முடியாது. இருட்டு. தேங்காய் வாசம். அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். ஒருவரும் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் சரியாக விளங்கியது.

பிறகு வந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு கறுத்த நீர்நாய்.

முதுகுப் பள்ளத்தில் காற்று நிற்கவில்லை, கமக்கட்டில் மடிப்பு இல்லை. கழுத்து மட்டும் இறுக்கம். பொருந்துகிறது! கழற்றும்போது நகத்தால் இழுக்காதே, விரற்சதையால் இழு என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். நகத்தால்தான் இழுத்தேன். இடது தொடையில் பிறை வடிவில் கிழிசல்.

மார்ச் 3, திங்கள்

கறுப்புப் பசை. இரண்டு விளிம்பிலும் மெல்லியதாய்ப் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு, மறுபடி காயவிட்டு, பிறகு ஒட்டி அமத்தினேன். தழும்பு தடவினால் தெரிகிறது. நாள் முழுக்கத் தடவுகிறேன்.

மார்ச் 8, சனி

மாஸ்க் பார்க்கக் கடைக்குப் போனேன். சின்னதாய் இருக்கவேணும். உள்ளே எவ்வளவு வெற்றிடமோ அவ்வளவு காற்றைக் கீழே போகப்போக மூக்கால் ஊதி நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் கண்ணை வெளியே உறிஞ்சும். அந்தக் காற்று நெஞ்சிலிருந்து போகிற காற்று. நீச்சல் கண்ணாடி ஆகாது, மூக்கு வெளியில் நிற்கும்.

பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்துவிட்டுக் கையை எடு, விழாவிட்டால் உன் மாஸ்க். ஆறு போட்டேன், ஆறும் விழுந்தது. விற்கிற பிள்ளை மரியாதையாகத் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

மீசை.

மார்ச் 9, ஞாயிறு

முழுதாய் எடுக்கவில்லை. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும், சிலிக்கோன் விளிம்பு உட்காருகிற அளவு. தூரத்தில் பார்த்தால் தெரியாது என்று நினைத்தேன். அம்மா இரண்டு செக்கனில் பிடித்துவிட்டா. “தம்பி, மீசைக்கு என்ன நடந்தது? ஆருக்கு என்ன?” கடைசியாய் மீசை எடுத்தது அப்பாவுக்கு. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையம்மா, கண்ணாடி முகத்தில ஒட்டுதில்லை என்றேன். அது அவவுக்கு விளங்கவில்லை. வேலியால் போன மாமியையும் கூப்பிட்டுக் காட்டினா.

மார்ச் 11, செவ்வாய்

அதே கடை. நாலாவது மாஸ்க் நின்றது. வீட்டில் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்தேன், புதுக் கண்ணாடியில் ஒரு சிலிக்கோன் படை இருக்கும், அது போகாவிட்டால் என்ன துப்பினாலும் பனிப்புகார் பிடிக்கும். ஸ்நோர்க்கலும் வேண்டியாச்சு. வால்வு, கீல்வு ஒன்றும் இல்லாத வெறும் வளைந்த குழாய். கீழே போகுமுன் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதானே, அதற்கு ஏன் காசு.

மார்ச் 14, வெள்ளி

பெட்டிகள்: ஒஸ்லோவுக்குப் போக இருப்பவை 11.

மார்ச் 20, வியாழன்

நித்திரை இல்லை. ஈயம்.

எல்லாரும் கொடுக்கிற பருமட்டான கணக்கு ஒரு மி.மீ.க்கு ஒரு கிலோ. அப்படியென்றால் 7. என் வண்டிக்கு 8 என்கிறது மனம். கூடினால் ஆபத்து, குறைந்தால் வெறும் கரைச்சல். அவ்வளவு தெரிந்தும் இரவு இரண்டு மணிக்குக் கூட்டல் கழித்தல். பத்து மீற்றரில் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மூச்சை வெளியே விட்ட பிறகும் மேலே மிதக்கவேண்டும். இந்த இரண்டும் தண்ணீருக்குள்தான் தெரியும், கட்டிலில் தெரியாது.

பெல்ட் இறப்பரில். நைலோன் பட்டி, உடுப்பு ஆழத்தில் நசுங்க நசுங்க, தலைகீழாய்ப் போகிறவனின் நெஞ்சுக்கு வழுக்கி வந்துவிடும். இறப்பர் தானும் சுருங்கி இடுப்பெலும்பிலேயே நிற்கும். ஒரு கையால் ஒரே இழுவையில் கழரவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இருபது தரம் கழற்றிப் பார்த்தேன். இருபதாவது தரம் ஈயம் கால்விரலில்.

பின்லாந்துக்காரி ஜொஹானா நூர்ட்பிளாட் 2021 மார்ச்சில் பனிக்கட்டிக்குக் கீழே 103 மீற்றர் ஒரே மூச்சில் நீந்தினா. வெட்சூட்டும் இல்லை, காலில் மாட்டும் துடுப்பு, ஃபின்ஸும் இல்லை. நான் இங்கே இறப்பர் பெல்ட்டுக்கு நித்திரை முழிக்கிறேன்.

மார்ச் 29, சனி

ஃபின்ஸ் வந்தது, பிழையான அளவு. 44-45 கேட்டேன், 42-43 அனுப்பியிருக்கிறார்கள். என் கால் 42தான், ஆனால் 5 மி.மீ. சொக்ஸோடு 42 இல்லையே! குளிர் தண்ணியில் சொக்ஸ் இல்லாமல் ஃபின்ஸ் அளவு பார்க்கிறவன் விசரன் என்று எழுதி, ‘விசரன்’ என்பதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

பிளாஸ்டிக் பிளேட்தான், மிருதுவானது. கார்பனைப் பார்த்து ஏங்கிய இரவுகள் உண்டு. ஆனால் இங்கே இறங்குவதும் பாறையால், ஏறுவதும் பாறையால். ஒரு தட்டுப் பட்டால் கார்பன் வெடித்துவிடும். விறைப்பான பிளேட் தொடையை எரிக்கும், எரிகிற தொடை ஒட்சிசனைத் தின்னும்.

ஏப்ரல் 3, வியாழன்

தடாகம். முகம் குப்புற, அசையாமல், 1:48. இரண்டு நிமிடம் வேணும். ட்ரொம்சோக்காரன் 2:30, எழும்பி அடுத்த பஸ் எப்போது என்று கேட்டான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மனிசியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு “ஒஸ்லோவிலையும் கடல் இருக்குத்தானே” என்றா.

ஏப்ரல் 10, வியாழன்

2:04.

ஏப்ரல் 17, வியாழன்

ஈஸ்டர். எல்லாம் பூட்டு. கையுறைப் பொதி எங்கோ ஒரு களஞ்சியத்தில் செவ்வாய் வரை தூங்கும். மகள் ரயிலில் வந்தாள், ஏழு மணித்தியாலம். வரவேற்பறையில் தொங்கும் உடுப்பைப் பார்த்து “அப்பா, இது ஆர்?” என்றாள். அவளுக்கு 5, 7 வித்தியாசம் விளக்கினேன். தோசை சுட்டோம். திங்கள் திரும்பிப் போகிறாள், ஒரு பெட்டி கொண்டுபோகிறாளாம்.

ஏப்ரல் 26, சனி

நூர்ட்னெஸ் முனையில் முதல் தரம் முழு உடுப்போடு, ட்ரொம்சோக்காரனோடு. ஈயம் இல்லை, ஆழம் இல்லை, மிதந்து பார்க்க மட்டும். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தான். இறங்குமுன் கழுத்தால் ஊற்றினான், கடவுளே என்ன சுகம்.

உடுப்பு வேலை செய்கிறது, தொடையின் பிறை கூட. முகம்தான் முதலில் சுட்டது. ஆம், சுட்டது, குளிரென்று சொல்லத் தோன்றவில்லை. நெற்றி வலி ஒரு நிமிடம், பிறகு மரத்துவிட்டது. மூச்சு தானாய் அள்ளி அள்ளி வந்தது, அது அடங்கும்வரை ஒன்றும் செய்யாதே என்று சொல்லியிருந்தார்கள், செய்யவில்லை. தண்ணீர் பச்சை, வசந்தப் பாசி, என் ஃபின்ஸ் நுனியே மங்கல்.

பிரச்சினை கை. 5 மி.மீ. கையுறையோடு மூக்கைப் பிடித்தால் மூக்கு எது, மாஸ்க் எது என்று தெரியவில்லை. மூக்கைப் பிடிக்காமல் காதை எப்படிச் சமன் செய்வது? அவனுடையது 3 மி.மீ. மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூக்கு கிடைத்தது, ஆனால் இருபது நிமிடத்தில் பெல்ட் கொக்கி கிடைக்கவில்லை. விரல் மடங்கவே மறுத்தது. இத்தனை மாதமும் உடுப்பு, மாஸ்க், ஃபின்ஸ் என்று அலைந்தேன். கையுறையை ஈஸ்டருக்கு முதல் கிழமைதான் ஓடர் பண்ணினேன். அதைத்தான் முதலில் பார்த்திருக்கவேணும்.

இடது காது: தலைமூடி காதோடு அப்பி உள்ளே காற்றை அடைத்துக்கொள்கிறது. இறங்குமுன் மூடியை இழுத்துத் தண்ணீர் விடு என்றான். விட்டேன், குளிர் தண்ணி காதுக்குள் போனதும் நூர்ட்னெஸ் ஒரு சுற்றுச் சுற்றியது. வெந்நீரை அங்கேயும் விட்டிருக்கலாம்.

இன்னொன்று. குளிர் தண்ணிக்குள் சிறுநீர் அடிக்கடி வரும். எல்லாரும் உடுப்புக்குள்ளேயே என்கிறார்கள். எழுதிவிட்டேன், இனி ஒருவரும் என்னிடமிருந்து இதை வேண்டப் போவதில்லை.

மே 2, வெள்ளி

3 மி.மீ. வேண்டினேன். ஊசியைச் சூடாக்கித் தலைமூடியில் இரண்டு காதுக்கும் நேரே ஒரு துளை.

மே 5, திங்கள்

லொறி 24ஆம் திகதி. பெட்டி 14.

மே 9, வெள்ளி, இரவு

8 கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். இல்லை, எட்டையும் கொண்டுபோய் ஆறில் தொடங்குவது.

மே 10, சனி

ஆறில் தொடங்கி ஏழில் நின்றது. பயிற்றுநர் ஒரு பார்வையில் ஏழு என்றார், மார்ச் மாத நித்திரையெல்லாம் வீண். 8 பாகை. பனி உருகி வந்த நன்னீர் மேலே படையாய் நிற்கிறது, அதுவும் உப்புநீரும் சந்திக்கும் இடத்தில் கயிறு எண்ணெய்க்குள் நெளிவது மாதிரி நெளிந்தது. அதற்குக் கீழே தெளிவு, திடீரென்று ஆழம் வரை தெரிகிறது.

ஒன்பது மீற்றர். இடது காது அதற்கு மேல் விடவில்லை. திரும்பி வரும்போது மேலே ட்ரொம்சோக்காரனின் முகம், மாஸ்கோடு, என்னையே பார்த்தபடி. மச்சான்.

நாளை 16 மீற்றர் வேணும்.

மே 11, ஞாயிறு, காலை 6:10

உடுப்புக் காயவில்லை. ஈரமாய்த்தான் போடவேண்டும். கண்டிஷனர் முடிந்துவிட்டது, கடை ஒன்றும் திறக்காது. இன்னொரு போத்தல் இருக்கிறது, ஒஸ்லோப் பெட்டிகளில் ஏதோ ஒன்றில். எதில் என்று எழுதி வைக்கவில்லை. மூன்று பெட்டி பிரித்தாகிவிட்டது. ஏழு மணிக்கு அவன் வருவான்.